வளர்ந்த நாய் வீட்டுக்கு வருகிறதா? முதல் மூன்று மாதம் கவனம்!

ஒரு திங்கட்கிழமை காலை. குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, ஐந்து வயதுப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு ஓடி வந்தார். குழந்தையின் கன்னத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தது. அதன் அடியில் இரண்டு பல் தடம்.

"டாக்டர் தம்பி, நாய் கடிச்சிருச்சு. தெரு நாய் இல்லப்பா, நம்ம வீட்டு நாய்தான். சென்னையிலேர்ந்து பெரியவன் சனிக்கிழமைதான் கொண்டாந்து விட்டுட்டுப் போனான். உங்ககிட்ட பச்சிலை மருந்து இருக்குமேன்னு வந்தேன்" என்றார்.

நான் பச்சிலை எதுவும் கொடுக்கவில்லை. குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துப் போய், மஞ்சளையும் சுண்ணாம்பையும் முழுவதும் கழுவிவிட்டு, சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டினேன். பிறகு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். "சித்த வைத்தியர்னு நம்பி வந்தா, இவரும் ஊசிக்குத்தான் அனுப்புறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அந்தக் குழந்தைக்கும் அந்த நாய்க்கும் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. ஐந்து வருடம் சென்னை வீட்டில் யாரையும் கடிக்காத நாய், இங்கே வந்த மூன்றாம் நாள் ஏன் கடித்தது?

இப்போதெல்லாம் இது நிறையக் குடும்பங்களில் நடக்கிறது. பிள்ளைகள் வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறார்கள். வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். கைக்குழந்தை பிறக்கிறது. வயதானவர் காலமாகிவிடுகிறார். அவர் வளர்த்த நாய் அநாதையாக நிற்கிறது. 2015 டிசம்பர் மாத வெள்ளத்தின்போது சென்னையில் எத்தனையோ வீட்டு நாய்கள் எஜமானரைப் பிரிந்து காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. இப்படி வரும் வளர்ந்த நாயை வீட்டில் சேர்த்துக்கொள்வது புண்ணியம்தான். ஆனால் குட்டியைக் கொண்டு வருவது வேறு, வளர்ந்த நாயைக் கொண்டு வருவது வேறு. குட்டிக்குப் பழசு என்று ஒன்றும் கிடையாது. வளர்ந்த நாய்க்கு ஒரு வீடு, ஒரு எஜமானர், ஒரு பழக்கம் எல்லாம் இருந்து, ஒரே நாளில் போய்விடுகிறது.

அது மறக்காது

ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாயின் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ வளர்த்த நாய் அது. 1925-ம் ஆண்டு மே மாதம் அவர் வேலைக்குப் போன இடத்திலேயே திடீரென்று இறந்துபோனார். ஹச்சிகோ கிட்டத்தட்ட பத்து வருடம், 1935-ல் தான் சாகும் வரை, ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அதற்கு அங்கே சிலையும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. பேராசிரியர் இறந்த பிறகு அந்த நாயை யாரும் தெருவில் விட்டுவிடவில்லை. உறவினர் வீட்டில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே அது நிலைக்கவில்லை. கடைசியில் பேராசிரியரிடம் தோட்ட வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போனது. அங்கே சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் இருந்தும் பழைய பாதையில் ஸ்டேஷனுக்கு நடந்தது. புது வீட்டுக்காரர் நல்லவராக இருந்தாலும் நாயின் மனசு பழைய வீட்டிலேயே கிடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீடு போனால், முதல் வாரம் சரியாகச் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள். அவளுக்காவது எங்கே வந்திருக்கிறோம், ஏன் வந்திருக்கிறோம் என்று தெரியும். நாய்க்கு அதுவும் தெரியாது. ஆகவே பயப்படும். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

வருவதற்கு முன் கேட்க வேண்டியவை

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது போல, நாயைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள்:

1. ரேபிஸ் தடுப்பூசி கடைசியாக எந்தத் தேதியில் போட்டது? அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "போட்டிருக்கு, போட்டிருக்கு" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். இந்த ஊசியைத் தவறாமல் வருடா வருடம் போட வேண்டும்.

2. இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா? குழந்தைகளுடன் பழகியிருக்கிறதா? கோழி, ஆடு, பூனையைத் துரத்துமா?

3. என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குச் சாப்பிடும், எங்கே தூங்கும்?

4. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? எந்த மொழியில் கட்டளை சொல்வார்கள்? "சிட்" என்று பழகிய நாயிடம் "உக்காரு" என்றால் அது பாவம், விழிக்கும். பழைய பெயரை மாற்றாதீர்கள். எல்லாம் போன பிறகு அதற்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

5. ஏன் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருகிறதா என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

நாயுடன் அது படுத்திருந்த பழைய சாக்கு, போர்வை, சாப்பிட்ட தட்டு ஆகியவற்றையும் வாங்கி வாருங்கள். துவைக்க வேண்டாம். நமக்கு அழுக்கு வாசனை. அதற்கு வீட்டு வாசனை.

நம் நாட்டு இன நாய்களை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம் தமிழ்நாட்டின் பெருமை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் ராஜபாளையம் பெரும்பாலும் ஒருவரிடம் மட்டும் ஒட்டும் நாய். வளர்ந்த பிறகு கை மாறினால் பழகுவதற்கு நாளாகும். முழு வெள்ளையாக உள்ள அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்களும் உண்டு. அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்ட வேட்டைக்கு வளர்த்த இனங்கள். ஆடு, கோழி உள்ள வீட்டில் முதல் சில வாரம் கயிறில்லாமல் விட வேண்டாம்.

வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஊசி அட்டை இல்லையென்றால் போடாத நாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, கருத்தடை பற்றியும் அவரிடமே கேட்டுவிடலாம்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகங்களிலிருந்து நாய்களைத் தத்துக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தும் என்று இல்லை. ஆனால் மனதில் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு.

முதல் மூன்று நாள்: நாய் திகைத்துப் போயிருக்கும். சாப்பிடாது, அல்லது அவசரமாக விழுங்கும். மூலையில் சுருண்டு கிடக்கும். வீட்டுக்குள் சிறுநீர் போய்விடும். இரவில் ஊளையிடும். சில நாய் அடக்க ஒடுக்கமாக இருப்பதைப் பார்த்து "எவ்வளவு சாதுவான நாய்!" என்று சந்தோஷப்படுவார்கள். அது சாது அல்ல, பயத்தில் உறைந்திருக்கிறது.

இந்த மூன்று நாள் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. தாழ்வாரத்திலோ அறையிலோ ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு. ஒரே ஆள் சாப்பாடு வைக்கட்டும், ஒரே ஆள் வெளியே அழைத்துப் போகட்டும். உற்றார் உறவினரை எல்லாம் "நாய் பார்க்க வாங்க" என்று கூப்பிடாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம்: வீட்டு நேரம் அதற்குப் பிடிபட ஆரம்பிக்கும். எப்போது சாப்பாடு, எப்போது நடை, யார் யார் வீட்டு மனிதர்கள் என்று தெரியும். இந்தச் சமயத்தில்தான் உள்ளே இருக்கும் குணமும் வெளியே வரும். செருப்பைக் கடிக்கும், வாசலில் போகிறவரைப் பார்த்துக் குரைக்கும், தட்டின் பக்கம் போனால் உறுமும். "முதல்ல நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப கெட்டுப்போச்சே" என்று பலர் திருப்பி அனுப்புவது இந்த மூன்றாவது வாரத்தில்தான். கெட்டுப்போகவில்லை. பயம் குறைந்து பேச ஆரம்பித்திருக்கிறது. அடிக்காமல், ஒரே மாதிரி, பொறுமையாகப் பழக்கினால் திருந்தும்.

மூன்று மாதம்: இது நம் வீடு என்ற எண்ணம் வரும்.

இந்தக் காலம் முழுவதும் கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். ஹச்சிகோவைப் போல நம் ஊர் நாயும் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும். சென்னை எந்தத் திசை என்று தெரியாமல் லாரி ஓடும் ரோட்டில் போய் நிற்கும். அதற்காக நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடவும் கூடாது. கட்டியே கிடக்கும் நாய்க்கு ஓட வழியில்லை என்பதால் கடிக்கும் குணம்தான் வளரும். கதவைச் சாத்திய முற்றத்தில் விடுங்கள். வெளியே போனால் மட்டும் கயிறு.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய நாய் சட்டென்று இழுத்தால் அறுபது வயதுக்காரர் குப்புற விழுந்து இடுப்பு எலும்பு முறியும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரம் வாலிபப் பிள்ளைகள் யாராவது அழைத்துப் போகட்டும்.

வெயில் இன்னொரு எதிரி. நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கோடை தெரிந்ததே. லேப்ரடார் போன்ற அடர்ந்த முடி நாய்களுக்கு விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நடை. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

நாய் பேசும் பாஷை

நாய் கடிப்பதற்கு முன் பல தடவை சொல்லிப் பார்க்கும். நமக்குத்தான் புரிவதில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாதபோதும் உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். வாலைக் காலுக்கிடையில் செருகும். கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப் பார்வை பார்க்கும். உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். இதெல்லாம் "என்னைக் கொஞ்சம் விடு" என்று அர்த்தம். அதற்கும் விடாவிட்டால் உறுமும். உறுமியதற்காக அடிக்கவே கூடாது. அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். வால் ஆட்டினால் சந்தோஷம் என்பதும் பாதி உண்மைதான். உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு வாலைத் தூக்கி ஆட்டும் நாயிடம் நெருங்காதீர்கள்.

2015-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். பழகிய நாயும் எஜமானரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் பாசத்தில் சுரக்கிற ஆக்சிடோசின் என்ற சுரப்பு இருவரிடமும் கூடுகிறது. இது பழகிய நாய்க்கு. பழகாத நாயின் கண்ணை உற்றுப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே புது நாயிடம் பக்கவாட்டாக உட்காருங்கள், பார்வையைத் தாழ்த்துங்கள், அது வந்து முகர்ந்து பார்க்கட்டும். அது வந்தால், தலைக்கு மேல் கை கொண்டு போகாமல் மார்புப் பக்கம் தடவுங்கள்.

குழந்தைகளுக்கு ஐந்தே கட்டளை போதும். தூங்கும் நாயைத் தொடாதே. சாப்பிடும் நாயிடம் போகாதே. கட்டிப் பிடிக்காதே. முகத்தை நாயின் முகத்தருகே கொண்டு போகாதே. வாலையும் காதையும் இழுக்காதே. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விடக் கூடாது. எவ்வளவு நல்ல நாயானாலும் சரி.

தட்டில் எது வேண்டும், எது வேண்டாம்

பழைய வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள். பிறகு நம் வீட்டு உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் கழிச்சல் நிச்சயம். காரம், உப்பு இல்லாத சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, வேகவைத்த முட்டை, பூசணி, கேரட் ஆகியவை ஒத்துக்கொள்ளும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கொஞ்சம் தயிர் பரவாயில்லை.

இப்போது முக்கியமான ஒன்று. நம் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மீதிச் சாம்பார் சோறு, குழம்புச் சோறு என்று நாய்க்கு வைப்பதும் வழக்கம். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். நமக்கு மருந்தாகிற அதே பொருள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. பச்சையானாலும் வெந்ததானாலும் ஒன்றுதான். தின்றவுடன் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் சிவந்து போகும். இப்படி இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு ஈரல், நுரையீரல் கழிவுகளைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு ஒரு வகை நாடாப்புழு வந்து, அதன் முட்டைகள் நம் வயிற்றுக்குப் போனால் ஈரலில் நீர்க்கட்டி வளரும்.

வைத்தியம் செய்யாதீர்கள்

சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன். நமக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தெல்லாம் நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. மேலே பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரம் சேர்ந்த வலித் தைலங்கள் நாய்க்கு நஞ்சு. உண்ணிக்கு வேப்பெண்ணெயை உடம்பு முழுக்க அப்புவதும் வேண்டாம். வீட்டுத் தரையைத் துடைக்கும் தண்ணீரில் வேப்பிலை கொதித்த நீரைக் கலந்துகொள்ளுங்கள், அது போதும். நாயின் உடம்புக்குக் கால்நடை மருத்துவர் தரும் உண்ணி மருந்துதான். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் நாய்கள் இறந்தே போகின்றன.

காய்ச்சல் என்று நினைத்து நம் வீட்டுப் பாராசிட்டமால், வலி மாத்திரைகளையும் போட்டுவிடாதீர்கள். நாயின் சாதாரண உடல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தொட்டால் நமக்குச் சுடுவது போலத்தான் தெரியும்.

நாயால் வீட்டாருக்கு வரக்கூடியவை சொறி, குடற்புழு, லெப்டோஸ்பைரோசிஸ் போன்றவை. நாயைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுவது, குழந்தைகள் விளையாடும் மண்ணில் நாய்க் கழிவு கிடக்க விடாமல் அள்ளிவிடுவது, நாய்க்கு வேளாவேளைக்கு ஊசியும் புழு மருந்தும் இந்த மூன்றும் இருந்தால் பயமில்லை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நாயைக் கொண்டு வரும் முன் அது இருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வரச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடித்துவிட்டால்

எங்கள் படிப்பில் நஞ்சு நூல் என்று ஒரு பாடமே உண்டு. நாய்க்கடிக்கு ஊர் ஊராகப் பச்சிலை, வேர் கொடுக்கிறவர்களும் உண்டு. "அவர்கிட்ட சாப்பிட்டு நூறு பேர் பிழைச்சாங்க" என்பார்கள். காரணம் என்ன தெரியுமா? கடித்த நாய்க்கு வெறி இருந்திருக்காது. மருந்தே இல்லாமலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். உண்மையான வெறிநாய் கடித்து, நோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற எந்த வைத்தியத்திலும் நம்பகமான மருந்து கிடையாது. சித்தத்திலும் இல்லை, ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. வருமுன் காக்கத்தான் முடியும். 1885-ல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது. நம் குன்னூரிலேயே 1907-ல் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான்:

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இது பாதி வைத்தியம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் வைக்காதீர்கள். அவை காயத்தை எரித்து, கிருமியை உள்ளே தள்ளும்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டதெல்லாம் பழங்கதை. அந்த ஊசி நம் நாட்டில் கைவிடப்பட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள். தசையில் போடும் முறையானால் 14-ம் நாளும் உண்டு. இடையில் நிறுத்தாதீர்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். முகம், தலை, கைவிரல் கடி மிக ஆபத்து. கிருமி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் குறைவு.

"நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். அதை டாக்டர் தீர்மானிக்கட்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லவோ துரத்தவோ கூடாது. பத்து நாள் பத்திரமாக வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசி முதல் நாளே. கவனிப்பும் கூடவே நடக்கட்டும்.

அந்தக் குழந்தையும் அந்த நாயும்

மருத்துவமனையில் குழந்தைக்கு ஊசியும் காயத்தைச் சுற்றி மருந்தும் போட்டார்கள். சாயங்காலம் அந்த அம்மாவின் கணவர் என்னைத் தேடி வந்தார். நாயின் ஊசி அட்டையைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கடைசி ஊசி போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ராத்திரியே டாட்டா ஏஸ்ல ஏத்தி அரியலூர் ரோட்டுல விட்டுட்டு வந்துடறேன் டாக்டர். பையன்கிட்ட ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

"ஐயா, உங்க பேத்திக்காகவாவது பத்து நாள் வெச்சிருங்க. நாய் கண்ணு முன்னாடி இருந்தாத்தான் நமக்கு நிம்மதி. ரோட்டுல விட்டா, அது உயிரோட இருக்கா செத்துச்சான்னு தெரியாம நீங்கதான் தூக்கம் இல்லாம தவிக்கணும். அங்க இன்னொரு வீட்டுப் பிள்ளையை அது கடிச்சா?" என்றேன்.

அரை மனதாகத் தலையாட்டினார். கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொன்னோம்.

சனிக்கிழமை முதல் திங்கள் வரை என்ன நடந்தது என்று பிறகு விசாரித்தேன். சென்னை நாய் வந்திருக்கிறது என்று தெருவே கூடிப் பார்த்திருக்கிறது. ஆளுக்கு ஆள் பிஸ்கட் நீட்டியிருக்கிறார்கள். டைகர் என்ற பெயரை மாற்றி பேத்தி ஒரு புதுப் பெயர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பம்பு செட்டில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக நாய் சாப்பிடவில்லை. திங்கள் காலை, ஒருவழியாகக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கண்ணயர்ந்த நாயைக் குழந்தை உள்ளே தவழ்ந்து போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாமே பாசத்தில் செய்ததுதான். நாய்க்கு அது ஒன்றுமே பாசமாகத் தெரியவில்லை.

அந்தப் பத்து நாளும் பயத்தில் வீட்டார் யாரும் அதன் பக்கம் போகவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அதன் பழைய போர்வையைப் போட்டு, தாத்தா மட்டும் இரண்டு வேளை தட்டை வைத்துவிட்டு, பேசாமல் கதவோரம் உட்கார்ந்துவிட்டு வருவார். நான்காம் நாள் தட்டு காலியானது. எட்டாம் நாள் அவர் உட்கார்ந்திருக்கும்போது நாய் தானாக எழுந்து வந்து, அவர் காலடியில் படுத்துக்கொண்டதாம். வேண்டுமென்று செய்யாமல், பயத்தினால் அந்தக் குடும்பம் செய்ததுதான் சரியான வைத்தியமாக அமைந்துவிட்டது.

பத்து நாள் முடிந்ததும் கால்நடை மருத்துவர் பார்த்து ஊசி போட்டார். டைகர் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. குழந்தையும் எல்லா ஊசியும் போட்டு முடித்தாள். கன்னத்தில் லேசான தழும்பு மட்டும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்த அந்த அம்மாவிடம் நாயைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க தம்பி நம்மளை விடுது? அவரு பருத்திக் காட்டுக்குப் போனா பின்னாடியே போயிடுது. பேத்தி இப்ப தூரத்துலேர்ந்து டைகர்னு கூப்பிடுவா. அது வந்தாத்தான் தொடுவா. வரலேன்னா விட்டுடுவா" என்றார்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நாய் வருகிறதென்றால், ஊசி அட்டையை முதலில் பாருங்கள். பிறகு அந்தக் குழந்தை இப்போது செய்வதைச் செய்யுங்கள். கூப்பிடுங்கள், வந்தால் தொடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.